களிமண் தின்ற கைரேகை

இருபத்தாறு வருடமாகத் தோலைத் தடவிப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். வெள்ளாடு, செம்மறி, எருமை எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் இது முதுகா, வயிறா, கழுத்தா என்று சொல்லிவிடுவேன். தாராவியில் எங்கள் சந்தில் பர்ஸும் பெல்ட்டும் செய்கிற பட்டறைகள் எட்டு இருக்கின்றன. சரக்கு எடுக்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருவன் தன் சொந்தத் தோலை என்ன பாடு படுத்தினான் என்று சொல்லப் போகிறேன். அவனை வெறும் முட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருபத்தாறு வருட அனுபவமுள்ள முட்டாள்.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் விரல் நுனிகளில் அரிப்பு தொடங்கியது. தோலோடு தோலை ஒட்டுவதற்கு நாங்கள் ‘சொல்யூஷன்’ என்று சொல்லும் ரப்பர் பசையைப் பயன்படுத்துகிறோம். அதைத் தடவ பிரஷ் உண்டு. ஆனால் பிரஷ்ஷை எடுக்கிறவனை எங்கள் சந்தில் யாரும் மதிப்பதில்லை. விரலை டப்பாவில் முக்கி, தோலின் ஓரத்தில் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். மயிரிழைகூட வெளியே வழியக் கூடாது. பத்து விரலாலும் அப்படி இழுத்துத்தான் நான் பேர் வாங்கினேன். வாங்கிய பேர் இப்போது விரலில் வெடித்தது. முதலில் அரிப்பு, பிறகு செதில் செதிலாக உரிவது, பிறகு பிளவு. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்தால் ஐந்து வேளையும் எரிந்தது. மீன் ஆணத்தில் சோற்றைப் பிசைந்தால் உச்சந்தலை வரை எரிந்தது. என் மனைவி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் மீன் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார் என்றால், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வெறும் அரிப்பாக இருந்திருந்தால் சொறிந்துகொண்டே காலத்தைத் தள்ளியிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான், குடிசைகளை இடித்துவிட்டுப் புது வீடு கொடுப்பதற்கான கணக்கெடுப்பு எங்கள் சந்துக்கு வருகிற தேதி தெரிந்தது. ஏற்கெனவே எல்லாக் கதவுகளிலும் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இனி கருவியோடு வருவார்கள். எந்த அறையின் தாள் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் நின்று ரேகை வைக்க வேண்டும். எங்கள் சந்துக்கு அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை. பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்களுடையது ஒரே அறை. கீழே பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நானும் மனைவியும் இரண்டு பெண்களும். வாப்பா வாங்கிய அறை. அவர் மவுத்தான பிறகு தாள் எல்லாம் என் ஒருவன் பெயருக்கு மாறியது. அதாவது, நாலு பேரின் கூரை என் விரல் நுனியில் நின்றது. அதே வாரம் ரேஷன் கடைக் கருவி என் கட்டை விரலை இரண்டு தடவை ‘யார் இது?’ என்று திருப்பி அனுப்பியிருந்தது. கடைக்காரர், நீங்கள் எங்கே திருடினாலும் போலீஸ் கண்டுபிடிக்க முடியாது பாய் என்று ஹிந்தியில் சிரித்தார். நானும் சிரித்தேன். கடை வாசலைத் தாண்டியதும் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தால் பயம் இன்னும் கூடும். ரேகை விழாதவர்கள் பெயரைத் தனித் தாளில் எழுதுவார்களாம். தனித் தாளில் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒருவர் ஒன்றும் ஆகாது என்றார். இன்னொருவர் அதைச் சொன்னவரைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

இந்த நேரத்தில் பாண்டுப்பிலிருக்கும் என் மனைவியின் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். அவன் வேலை ஏசி ரிப்பேர். மற்ற நேரமெல்லாம் வைத்தியம். ஒரு மனிதர் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சொறி, சிரங்கு, படை, பரு எல்லாவற்றையும் இயற்கையான களிமண் உறிஞ்சி எடுத்துவிடும் என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. வேறு எவனாக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டு அழித்திருப்பான். நான் பார்த்ததும் தொடையில் தட்டினேன். ஏனென்றால் இந்த வித்தை எனக்குத் தெரியும். நல்ல தோலில் எண்ணெய் சிந்திவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? முல்தானி மிட்டி என்கிற களிமண் பொடியைக் கனமாகக் கொட்டி ராத்திரி முழுவதும் விட்டுவிடுவோம். காலையில் தட்டினால் மண்ணோடு எண்ணெயும் போய்விடும். தோல் பளிச்சென்று நிற்கும். பசையின் விஷத்தையும் அதே மாதிரி எடுத்துவிடலாம். தோல் என்றால் தோல்தானே.

மனைவி டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். தோலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன்.

“அது செத்த தோலு. இது உசுரோட இருக்குல்லா” என்றாள் அவள்.

பதில் கிடைக்காத கேள்விகளை நான் கேள்வி என்றே வைத்துக்கொள்வதில்லை.

கடையில் விற்கிற பாக்கெட் மண்ணில் ரோஜா வாசனை கலந்திருந்தது. வாசனைக்கும் என் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பக்கத்துக் குயவர் குடியிருப்புக்கு நடந்தேன். பானையும் அகல் விளக்கும் செய்கிற குஜராத்திக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அதில் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அவர் வாசல் வழியாகத்தான் பள்ளிவாசலுக்குப் போவேன். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து அகல் வனைந்துகொண்டிருந்தார். மண் வேண்டும் என்றதும் முகத்துக்கா என்று கேட்டார். இல்லை, கைக்கு என்றேன். முகத்துக்கு என்றால் ஒரு வண்டி வேண்டும், கைக்கு ஒரு உருண்டை போதும் என்று எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போது அவர் கை என் கையில் பட்டது.

அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். எழுபதை நெருங்குகிறவர். ஆனால் விரல் நுனி ஒவ்வொன்றும் வழவழவென்று, பதமான ஆட்டுக்குட்டித் தோல் மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு சொரசொரப்பு இல்லை. முதல் தரம். நாற்பது, ஐம்பது வருடம் மண்ணில் ஊறிய கை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேலையை முறையாகச் செய்தேன். களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பத்து விரல் நுனிகளிலும் தடியாக அப்பி, பட்டறையிலிருந்த லைனிங் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் அவிழ்த்தால் மண் ஓடு ஓடாக உதிர்ந்தது. கூடவே செதிலும் உதிர்ந்தது. அரிப்பு இல்லை. நாலு நாள் தொடர்ந்து கட்டினேன். பட்டறையில் வேலை செய்கிற மூன்று பேரும் என் கட்டைப் பார்த்துவிட்டு, சேட் பாக்ஸிங் போகிறார் என்றார்கள். நாலாம் நாள் விரல் நுனிகள் சிவந்து, மெலிந்து, பாலிஷ் போட்டது போல் மின்னின. கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற வலி இருந்தது. அதுவும் மண் வேலை செய்வதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க கை மாதிரி இல்ல என்றாள். நான் அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் என் போன் திறக்கவில்லை.

ஆள்காட்டி விரலை வைத்தால் திறக்கிற போன். வைத்தேன், அதிர்ந்தது. துடைத்து வைத்தேன், அதிர்ந்தது. போனில்தான் கோளாறு என்று முடிவு செய்து சட்டையில் தேய்த்தேன், ஊதினேன், பாட்டரி குறைவாக இருக்கும் என்று சார்ஜில் போட்டேன். பிறகு நம்பரை அடித்துத் திறந்து, மற்ற விரல்களைப் பதிவு செய்து பார்க்கலாம் என்று போனேன். விரலை எடுத்து எடுத்து வைக்கச் சொல்லியது, வைத்தேன், பாதியில் நின்றுகொண்டு, வேறு விரலை முயற்சி செய்யவும் என்றது. வேறு விரல், வேறு விரல் என்று பத்தும் தீர்ந்தது. கடைசியில் சிறிது நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டது. நான் வாங்கிய போன் என்னை வாசலில் நிறுத்திவிட்டது.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பெல்ட் வெட்டும்போது ஒரு தடவை, டீ குடிக்கும்போது ஒரு தடவை, தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு தடவை என்று போனில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அதிர்வுக்கும் மேலே இருக்கும் பரணும் ஏணியும் அதில் ஏறுகிற என் பெண்களும் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கெடுப்பு முடிந்ததும் நமக்குத் தனியாக ஒரு ஜன்னல் இருக்கும் வாப்பா என்று ஏற்கெனவே அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை நிறம் யோசித்து வைத்திருந்தாள். அவளிடம் போன் திறக்காததைச் சொல்லவில்லை. போனை அவள் கையில் கொடுத்து, திறந்து தா என்று நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பாவுக்குச் சோம்பேறித்தனம் கூடிவிட்டது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள்.

மண் போதவில்லையோ என்று தோன்றியது. இன்னும் ஐந்து நாள் இருந்தது. மறுபடி குயவரிடம் போனேன். இந்தத் தடவை பெரிய உருண்டையாகக் கேட்டேன். அவர் மண்ணைப் பிசைந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, சும்மா பேச்சுக்காக, உங்கள் பக்கம் கணக்கெடுப்பு வந்துவிட்டதா, ரேகை வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்து, விரல்களை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். எனக்கு ஏது ரேகை, சக்கரம் தேய்த்து எடுத்து முப்பது வருடமாகிறது, ரேஷன் கடையில்கூட என் மருமகள்தான் விரல் வைக்கிறாள் என்றார். தாளும் அவள் பெயரில்தானாம். அதனால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

நான் அந்த விரல்களை வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் தரம் என்று நான் புகழ்ந்த அதே வழவழப்பு. தோல் வாங்குகிறவனுக்கு வழவழப்புதான் தரம். கருவிக்கு வேண்டியது வரப்பும் பள்ளமும். பன்னிரண்டு நாளில் உழுது வைக்க வேண்டிய நிலத்தை நான் நாலு நாளில் சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தேன். அவர் நீட்டிய உருண்டையை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, சந்து முனையில் ஒரு செம்பருத்திச் செடியின் அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவியிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

“தாள எம் பேர்ல மாத்துங்கன்னு வாப்பா மவுத்தானப்பவே சொன்னேன். நீங்க கேட்டியளா?” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் அவளே மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோல் டாக்டர் ஒரு வயதான அம்மாள், தமிழ்க்காரர். என் கையை விளக்கடியில் வைத்து, மேலே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். நான் வீடியோவிலிருந்து செம்பருத்திச் செடி வரை ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் என் மனைவி இரண்டு திருத்தங்கள் செய்தாள்.

“அரிப்பு பசையால வந்தது. அதோட விட்டிருந்தா நான் ஒரு வாரத்துல சரி பண்ணியிருப்பேன்” என்றார் டாக்டர். “இருந்த கொஞ்ச எண்ணெயையும் மண்ணால உறிஞ்சி எடுத்துட்டேள். வெடிப்புக்குள்ள அழுக்கு மண்ணு போயிருக்கு. சீழ் பிடிக்காம இருக்கறது உங்க அதிர்ஷ்டம். நல்ல தோலுக்கு எப்பவாவது பூசினா பரவாயில்ல. இப்படி வெடிச்ச கையில கட்டிண்டு தூங்குவாளோ?”

“வியாழக்கிழமைக்குள்ள ரேகை வந்துருமா மேடம்?” என்று கேட்டேன்.

“இது உங்க பட்டறை ஆர்டர் இல்ல. ஒரு மாசம் ஆகும். ரேகை எங்கயும் போகல, அடியில பத்திரமா இருக்கு. நீங்க கைய வெச்சுண்டு சும்மா இருந்தா அது தானா மேல வரும்.”

பசை தொடக் கூடாது, மண் தொடக் கூடாது, சோப்பு தொடக் கூடாது. ஆயின்ட்மென்ட் போட்டுப் பருத்தி உறை மாட்டிக்கொள்ள வேண்டும். சும்மா இருப்பதுதான் மருந்து என்றால் நான் என்றைக்கோ குணமாகியிருப்பேன் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் மனைவி சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரை ஓட்டினேன்.

வியாழக்கிழமை காலையிலேயே சந்து முழுவதும் பெட்டியும் பையுமாக வாசலில் நின்றது. எல்லோர் பையிலும் தாள்கள். ஒரு மராத்திப் பெண் கருவியோடு வந்தாள். என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். என் தாள்களைப் பார்த்தாள். எல்லாம் சரி என்றாள். கட்டை விரலை வைத்தேன். சிவப்பு. “இன்னொரு தரம், காகா” என்று சித்தப்பா முறை வைத்துச் சொன்னாள். சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரர் விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். தேய்த்தேன். சிவப்பு. எதிர்வீட்டிலிருந்து ஒருவர் தேங்காய் எண்ணெய் என்று கத்தினார். அந்தப் பெண் பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைத்தாள். எட்டாவது விரலுக்கு மேல் நானே அவசரப்பட்டு விரலை இழுத்ததால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்தாவதும் சிவப்பு. ஏணியின் மேல்படியில் என் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்குப் போன் விஷயமும் புரிந்திருக்கும்.

அந்தப் பெண் ஒரு தனித் தாளை எடுத்தாள். என் பெயரை அதில் எழுதினாள். பயப்படாதீர்கள், உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்து வையுங்கள் என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனித் தாளில் என் பெயர் எத்தனையாவது என்று பார்க்க மறந்துவிட்டேன். அந்த ஒரு மாதமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் வெள்ளை உறை போட்டுக்கொண்டு பட்டறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். வேலையாட்கள் மூவரும் ஒட்டினார்கள். என் மனைவியும் கீழே இறங்கிவந்து உட்கார்ந்து ஒட்டினாள். அவள் முதல் நாளே பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு பர்ஸின் ஓரத்திலும் பசை வழியவில்லை. யாரும் அவளை மதிக்காமலும் இல்லை. இருபத்தாறு வருட வித்தை பத்து ரூபாய் பிரஷ்ஷிடம் தோற்றதை உறையணிந்த கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நாள் தவறாமல் உறையைக் கழற்றி வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் இடது மோதிர விரலில் மெல்லிசாக இரண்டு மூன்று வளையம் தெரிந்தது. உண்மையா, ஆசையா என்று தெரியாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சின்னவள் தெரிகிறது என்றாள், மூத்தவள் தெரியவில்லை என்றாள். இருவரையும் நம்பவில்லை.

அலுவலகத்தில் பெரிய வரிசை. எல்லோரும் ரேகை விழாதவர்கள். பிளீச்சிங் பவுடரில் கை வைக்கிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. வலது கட்டை விரல் சிவப்பு. ஆள்காட்டி சிவப்பு. இடது கைக்கு மாறினோம். மோதிர விரலை வைத்தேன். கருவி கொஞ்சம் யோசித்தது. பச்சை. உள்ளே இருந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆகிவிட்டது, போங்கள் என்றார். அவ்வளவுதான். நான் போகாமல் நின்றேன். மறுபடி ஒரு தடவை போகச் சொன்னார்.

எனக்கு அடுத்து நின்ற பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மாட்டுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். திருநெல்வேலிப் பேச்சு.

“பாய், என்ன போட்டிய? எனக்கும் சொல்லுங்க.”

“ஒண்ணும் போடலம்மா. ஒரு மாசம் கைய சும்மா வெச்சிருந்தேன். ஒரு ஆயின்ட்மென்ட் மட்டும் போட்டேன்.”

பின்னால் வரிசை மொத்தமும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எதையோ மறைக்கிறேன் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. என் பையிலிருந்து பாதி தீர்ந்த ஆயின்ட்மென்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என் சட்டைப் பையில் செருகியிருந்த வெள்ளை உறையைப் பார்த்தார்.

“ஒரு மாசம் கைய சும்மா வெச்சா எனக்கு வீடு எதுக்கு பாய்?” என்றார். “சோத்துக்கு நான் எங்க போவ?”

அவரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு விரலாகச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். நான் வாசலில் நின்று, என் விரலே உள்ளே இருப்பது போல எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து சிவப்பு, ஆறு சிவப்பு, ஏழு சிவப்பு. எட்டில் பச்சை விழுந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாவது வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே என்னைத் தாண்டி பஸ் நிறுத்தம் பக்கம் ஓடினார். ஆயின்ட்மென்ட் இன்னும் என் நீட்டிய கையில்தான் இருந்தது.